கம்பளிச் சட்டைக்குள்ளே

குணமணி அந்த வட்டத்தை முதலில் பார்த்தது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பால் போத்தல் கழுவிக்கொண்டிருந்தபோது. இடது முழங்கைக்குச் சற்றுக் கீழே ஐம்பது சத நாணயக் குத்தி அளவில் இருந்தது. ஓரம் சிவந்து லேசாகத் தடித்திருந்தது. நடுவில் தோல் வெளிறி, பொடி உதிர்கிற மாதிரி இருந்தது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று ஈரக்கையால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. போகாது என்று தெரிந்ததும் சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மார்கழி அது. நமுனுகுல மலையில் மூன்று வாரமாக வெயிலைக் காணோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. அங்கிருந்த தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் குணமணிதான் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் பதினேழு பிள்ளைகளையும் மலை இறங்கும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். பால் காய்ச்சுவாள், கால் கழுவி விடுவாள், தொட்டில் ஆட்டுவாள். கல்யாணமாகிப் பதினோரு வருசம் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் அவள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கைதான் அவளுக்கு இருந்த பெருமை.

அவள் அதை மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அவள் எட்டு வயசுப் பிள்ளையாக அப்புத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தாள். ஒருநாள் அவள் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தபோது பாதத்தில் ஆணி ஏறியிருந்தது. வாசல்வரை இரத்தம். அவருக்கு அது தெரியவே இல்லை. அம்மா கத்தியபிறகுதான் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் முதுகில் இருந்த வெளிறிய வட்டங்களையும் ஆட்கள் பார்த்தார்கள். ஒரு வேன் வந்தது. அப்பாவைக் கொழும்புப் பக்கம் இருக்கிற தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு, லயத்தார் சொல்கிற பெரியவியாதி ஆஸ்பத்திரிக்கு, ஏற்றிப் போனார்கள். அவர் படுத்த பாயை லயத்தார் எரித்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அம்மா குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். மாதம் முடிவதற்குள் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு நமுனுகுலவுக்கு வந்துவிட்டாள். “ஒங்கப்பா காச்சல்ல செத்துட்டாரு. யாரு கேட்டாலும் அதான் சொல்லணும்” என்றாள். குணமணி அதையேதான் எல்லாரிடமும் சொன்னாள். கட்டிய புருசன் கந்தப்பனிடமும் அதையேதான்.

அன்று வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சட்டைப்பின்னை எடுத்து அந்த வட்டத்தில் குத்திப் பார்த்தாள். வலித்தது. மறுபடி குத்தினாள். வலித்த மாதிரி இருந்தது. ஐந்தாறு தடவை குத்தியபிறகு, வலிப்பது தோலா, வலிக்க வேண்டுமே என்கிற மனசா என்று பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் ஒன்று, திறந்துகொண்டு குத்தினால் ஒன்று. கடைசியில் கையெல்லாம் பொட்டுப் பொட்டாக இரத்தம் பூத்ததுதான் மிச்சம்.

மறுநாளிலிருந்து கந்தப்பனின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். குளிர்காலம், யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே அரித்தது, வியர்த்தது, மறுபடி அரித்தது. பிள்ளைகளுக்கு முன்னால் சொறியாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து டவுனான பசறையில் ஒரு மருந்துக்கடையில், “பூச்சி கடிச்சிருச்சு, அரிக்குது” என்று சொல்லி ஒரு சின்னக் குழாய் மருந்து வாங்கினாள். பூசிய இரண்டாம் நாளே சிவப்பு அடங்கிப் போனது. குலதெய்வத்தை நினைத்துக் கும்பிட்டாள். பத்து நாளில் குழாய் தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வட்டம் மூன்றாகி, மூன்றும் கூடித் தோள்வரை ஏறியது. ஓரமும் தெரியாமல் வடிவமும் இல்லாமல், வரைபடத்தில் தீவுகளைப் போட்ட மாதிரி கிடந்தது. அவள் அப்பா முதுகில் பார்த்ததும் இப்படித்தானோ என்று யோசித்து யோசித்து, உண்மையில் அந்த முதுகு எப்படி இருந்தது என்பதே மறந்துபோயிற்று.

தைப்பொங்கல் கழிந்த வாரம். யசோதினி என்று மூன்று வயசுப் பிள்ளை, கொழுந்தெடுக்கிற மாரியாயியின் மகள், எப்போதும் குணமணியின் மடியில்தான் தூங்கும். இடது கைமேல் தலையை வைத்து, கம்பளிச் சட்டையின் மயிரை விரலால் பிய்த்துக்கொண்டே கண் மூடும். அன்றைக்கு அதற்குத் தலை சீவப்போன குணமணியின் கை அப்படியே நின்றது. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். மயிர் வேரோடு ஒடிந்த மாதிரிக் குட்டை குட்டையாக நிற்க, அடியில் சாம்பல் நிறத்தில் பொடுகு.

சீப்பைக் கீழே வைத்தாள். மற்றப் பிள்ளைகளின் தலையைத் தடவிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சன்னலடிக்கு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். இன்னும் இரண்டு தலைகள். ஒரு கைப்பிள்ளையின் கழுத்து மடிப்பில் ஒன்று.

‘நான்தான் குடுத்திருக்கேன்’ என்று நினைத்தாள். ‘பதினேழு வீட்டுலயும் பாயை எரிப்பாங்க.’

அன்று சாயங்காலம் மாரியாயியே கேட்டாள். “ஆயா, பாப்பா தலையில மயிரு கொட்டுதே, பாத்தீங்களா?”

“ஈரத்தலையோட தூங்குதுல்ல, பொடுகா இருக்கும்” என்றாள் குணமணி. அந்தப் பொய்யைச் சொன்ன நாளை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்தாள்.

இரண்டு வாரத்தில் அந்த இடம் வீங்கியது. கொழகொழவென்று, தொட்டால் பிள்ளை அலறும்படி, ஓட்டை ஓட்டையாகச் சீழ் கசிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டி என்று நினைத்து ஊசி போட்டார்கள். வீக்கம் குறையவில்லை. இதற்குள் ஏழு பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. கொழுந்து மலையிலும் பீலிக்கரையிலும் அதே பேச்சுத்தான். ஒருத்தி அம்மன் கோபம் என்றாள். இன்னொருத்தி பால்மாவில் கோளாறு என்றாள். குணமணியை யாரும் சந்தேகப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் வாட்டியது. “பாவம் ஆயா, புள்ளைகள நெனச்சு எப்படி எளைச்சுப் போயிட்டாங்க” என்று அவள் காது படவே பேசிக்கொண்டார்கள். அவள் இளைத்தது உண்மைதான். இராத்திரிச் சோறு இறங்குவதே இல்லை.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் ஓர் அறிவித்தல் சொன்னார்கள். வருகிற வெள்ளிக்கிழமை சுகாதாரப் பகுதி ஆட்கள் பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வருகிறார்கள்; பிள்ளைகளையும் பார்ப்பார்கள், ஆயாவையும் பார்ப்பார்கள். அன்றைக்குத் திங்கள். நான்கு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை றஹீம் நானா வந்தார். பசறைப் பக்கத்து மாட்டு வியாபாரி. மழை தொடங்குவதற்கு முன்னால் கந்தப்பன் கீழ்க்கணக்கிலிருந்து ஒரு கறவைமாடும் கன்றும் கொண்டுவந்து லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டுக் கட்டியிருந்தான். கன்று வளர மாட்டேனென்கிறது, கொடுத்துவிடலாமா என்று அவனுக்கு யோசனை. நானா கொட்டிலுக்குள் குனிந்து கன்றின் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். கண்ணைச் சுற்றிச் சாம்பல் பூசின மாதிரித் தடித்த பொருக்கு. கழுத்திலும் நாலைந்து இடத்தில் மயிர் உதிர்ந்து வட்டம் வட்டமாக இருந்தது. குணமணி அதைச் சேறு காய்ந்தது என்றே நினைத்திருந்தாள். தினமும் பால் கறக்கும்போது அந்தக் கன்றை இடது கையால் கழுத்தோடு அணைத்துப் பிடிப்பவள் அவள்தான்.

“இது படைதானே தங்கச்சி” என்றார் நானா. “மழ நாளையில கொட்டிலுக்குள்ளயே கட்டிவெச்சா கன்டுகளுக்கு வாறதுதான். ஆளுகளுக்கும் ஒட்டும். எனக்கும் வந்திச்சி, எங்கட ஊட்டுல புள்ளைகளுக்கும் வந்திச்சி.” பேசிக்கொண்டே அவள் கையைப் பார்த்தார். தன்னை அறியாமல் சட்டைக்கு மேலாகச் சொறிந்துகொண்டிருந்தாள். “பதுளக்கிப் போய்க் காட்டுங்க. தோலுக்கு ஒரு டொக்டர் வந்தீக்கிறாரு. யாழ்ப்பாணத்து ஆளு, நல்ல மனுசன்.”

கன்றை வாங்காமலே போனார். அவர் சொன்னதை நம்ப அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் மாட்டு வியாபாரிக்கு மாட்டு நோய்தான் தெரியும்; அப்பாவுடைய நோய் அவருக்கு எப்படித் தெரியும்? அப்படியும் புதன்கிழமை காலையில் தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

யுத்த காலம்; பதுளைக்குள் நுழைகிற இடத்தில் இராணுவச் செக்பொயின்ட். எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பெண்களைச் சாக்குத் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் சிப்பாய் தடவிப் பார்த்தாள். கம்பளிச் சட்டையின் கை தடிப்பாக இருந்ததோ என்னவோ, மேலே தூக்கச் சொன்னாள். தூக்கியதும் அந்தப் பெண் தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“என்ன இது?” என்று சிங்களத்தில் கேட்டாள்.

“தெரியாது மிஸ். ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்” என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள் குணமணி.

அந்தப் பெண் அடையாள அட்டையை ஓரத்தில் பிடித்து நீட்டி, போ என்று தலையசைத்தாள். பஸ்ஸில் வந்து உட்கார்ந்ததும் குணமணி சட்டையின் கையை விரல்வரை இழுத்துவிட்டாள். பக்கத்துச் சீட்டுக்காரி முந்தானையை ஒதுக்கிக்கொண்டபோது, இவளுக்கும் தெரிந்துவிட்டதோ என்று சன்னலோரமாக ஒடுங்கினாள்.

கிளினிக்கில் அவள் முறை வர மத்தியானமாயிற்று. டாக்டர் ஜெயரட்ணத்துக்கு நாற்பது வயசிருக்கும். மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்திருந்தார்.

“இருங்கோ அம்மா. என்ன வருத்தம்?”

குணமணி சட்டையைக் கழற்றிக் கையை மேசைமேல் வைத்தாள். அவர் கையை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு ஏதாவது கிறீம் பூசினனீங்களோ?”

“ஆமாங்க. ஒரு குழாய். மொதல்ல நல்லாருந்துச்சு, பெறகு கூடிப்போச்சு.”

“கூடும்தான். அரிப்பை அடக்கிப்போட்டு நோயை வளரவிடுற மருந்து அது. வீட்டில வேற ஆருக்கும் தோல் வருத்தம் இருந்ததோ?”

இருபத்தாறு வருசமாக மனப்பாடமாக இருந்த பதில் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்லவில்லை. “எங்கப்பாவுக்குப் பெரிய வியாதிங்க” என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. ஒரு பஞ்சை எடுத்து நுனியை மெல்லிசாக முறுக்கினார்.

“கண்ணை மூடுங்கோ. நான் தொடுற இடத்தை விரலால காட்டுங்கோ. சும்மா ஊகிச்சுச் சொல்லக் கூடாது.”

பஞ்சு தொட்டது. அவள் காட்டினாள். வட்டத்துக்குள், வட்டத்துக்கு வெளியே, தோளில், மணிக்கட்டில். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் எறும்பு ஊர்கிற மாதிரி அந்தத் தொடுகை வந்தது. ஒன்றும் தப்பவில்லை.

“உணர்ச்சி வடிவா இருக்கு, ஒண்டும் குறையேல்லை” என்றார் டாக்டர். “அந்த வருத்தமெண்டால் தொட்டது தெரியாது, இப்பிடி அரிக்கவும் மாட்டாது. எண்டாலும் என்ரை வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.” ஒரு கத்தியின் முதுகால் ஓரத்தைச் சுரண்டி, உதிர்ந்த பொடியைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி மருந்து விட்டார். கொஞ்சம் ஊற வேண்டும் என்று வெளியே இருக்கச் சொன்னார். வாசல் மர வாங்கில் உட்கார்ந்திருந்த அந்த நேரம், கையில் படை கண்ட அத்தனை நாளையும்விட நீளமாக இருந்தது.

திரும்பக் கூப்பிட்டபோது அவர் முகத்தில் லேசான சிரிப்பு. “படர்தாமரைதான். பூஞ்சணம். பழைய பாணில, ரொட்டியில பூக்குதெல்லோ, அந்தச் சாதி. மாடு வளர்க்கிறியளோ?”

அவள் கன்றைப் பற்றிச் சொன்னாள். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டே, “உங்கட அப்பான்ர வருத்தமும் இப்ப குளிசை மருந்தில சுகமாகிற வருத்தம்தான் அம்மா. வெக்கப்பட அதில ஒண்டுமில்லை” என்றார். குணமணி எழுந்து கும்பிட்டாள். கதவுவரை போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஐயா, நான் பிள்ளைக்காம்பராவுல வேலை பாக்குறேன்.”

டாக்டர் பேனாவை வைத்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏழு பிள்ளைகள். யசோதினியின் தலையில் வீக்கம், சீழ். நாளைக்கு டிஸ்பென்சரியில் அதைக் கீறிவிடப் போவதாக மாரியாயி சொன்னது.

“கீறக் கூடாது!” அவர் குரல் உயர்ந்தது. “அதுவும் இதே பூஞ்சணம்தான். தலையில வந்தால் பூச்சு மருந்து மட்டும் காணாது, குளிசை குடுக்கோணும். சும்மா விட்டால் அந்த இடத்தில பிறகு மயிர் முளைக்காது. நாளைக்கே எல்லாப் பிள்ளையளையும் கொண்டு வாங்கோ. கடிதம் தாறன்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தக் கடிதம் அவள் மடியில் இருந்தது. தனக்கு வந்தது தன் அப்பா நோயல்ல என்கிற ஆறுதல் பசறை தாண்டுவதற்கு முன்னமே தீர்ந்துவிட்டது. கடிதத்தைக் கொடுத்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கையைக் காட்ட வேண்டும். எப்போதிருந்து என்று கேட்பார்கள். டிஸ்பென்சரி வாசலில் போட்டுவிட்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் கத்தி நாளைக்குக் காலையில். கடிதத்தை யாராவது பிரிப்பதற்குள் பிள்ளையின் தலையைக் கீறிவிட்டால்?

லயத்தில் இறங்கி நேரே மாரியாயி வீட்டுக்குப் போனாள். மாரியாயி அடுப்படியில் இருந்தாள். பிள்ளை தலையில் துணி கட்டிப் படுத்திருந்தது. குணமணி நின்றபடியே சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டினாள்.

“என்னா ஆயா இது?”

“பாப்பாவுக்கு வந்தது இதுதான். மொதல்ல எனக்கு வந்துச்சு. எங்க கன்டுக்குட்டிகிட்ட இருந்து. நாளைக்கு தலையக் கீற விட்றாத மாரியாயி. பதுளைக்குக் கொண்டு போகணும். குளிச குடுத்தா சொகமாயிரும்னு டாக்டரு சொல்லியிருக்காரு.”

மாரியாயி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தன நாளா இருக்கு?”

“மார்கழியில இருந்து.”

“அன்னைக்கு நான் கேட்டப்ப பொடுகுன்னீங்க.”

“ஆமா.”

மாரியாயி அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “நோவு யாருக்கும் வரும். ஒங்கள நான் எங்கம்மா மாதிரி நெனச்சேன்” என்று மட்டும் சொன்னாள். குணமணிக்கு அந்த வார்த்தை எந்தச் சட்டைப்பின்னையும்விட ஆழமாக இறங்கியது.

அன்று வீட்டில் கந்தப்பனிடமும் சொன்னாள். கையைப் பற்றி, கன்றைப் பற்றி, கடைசியாக அப்பாவைப் பற்றி. அவன் “அவரு உசுரோட இருக்காரா?” என்று கேட்டான்.

“தெரியாதுங்க. அம்மா போய்ப் பாக்கவே இல்ல. நானும் போகல.”

“எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு தடவ போய்ப் பாத்திருக்கலாமே” என்றான்.

வியாழக்கிழமை தோட்டத்து லொறியில் ஏழு பிள்ளைகளும் தாய்மாரும் பதுளைக்குப் போனார்கள். வழி தெரிந்தவள் என்று குணமணியையும் ஏற்றினார்கள். லொறியில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொரு தலையாகப் பார்த்து, ஆறு வாரத்துக்கு மருந்து எழுதினார். சோறோ பாலோ சாப்பிட்டபிறகு கொடுக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது, ஒரு பிள்ளையின் சீப்பும் தலை துவட்டுகிற துவாயும் இன்னொரு பிள்ளைக்கு மாறக் கூடாது என்று தாய்மாருக்கு நிதானமாகச் சொன்னார். கன்றை விற்க வேண்டாம், விற்றால் இன்னொரு வீட்டுக்குப் போகும். தனியாகக் கட்டி, மிருக வைத்தியரிடம் மருந்து வாங்கிப் பூசி, வெயிலில் விடுங்கள் என்று குணமணிக்குச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சோதனைக்கு வந்தவர்கள் பிள்ளைக்காம்பராவைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்கள். தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை குணமணியை ஆயா வேலையிலிருந்து நிறுத்திக் கொழுந்து மலைக்கு அனுப்பினார். அவளுக்குக் கொழுந்து வேகமாக எடுக்க வராது. தேயிலை நிரையில் எப்போதும் கடைசியாக வந்தாள். பக்கத்து நிரைப் பெண்கள் முதல் சில நாள் பேசவில்லை. அவள் கை சுகமாகித் தோல் பழைய நிறத்துக்கு வந்தபிறகு ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். மாரியாயி பேசவில்லை.

சித்திரை கழிந்ததும், கை சுகமென்று டாக்டர் எழுதிய இன்னொரு கடிதத்தோடு, ஆயா வேலையைத் திரும்பக் கேட்டுத் தொரையிடம் போனாள் குணமணி. பிள்ளைகளின் தாய்மார் சம்மதித்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார் அவர். அடுத்த நாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை அதைக் கேட்டபோது எல்லாரும் மாரியாயியைப் பார்த்தார்கள். யசோதினியின் தலையில் மயிர் அடர்ந்து வந்திருந்தாலும், உச்சிக்குப் பக்கத்தில் விரல் நுனி அகலத்துக்கு ஒரு வழுக்கை நிரந்தரமாக நின்றுவிட்டது.

“வரட்டும்” என்றாள் மாரியாயி. குணமணி பக்கம் திரும்பாமலே சொன்னாள். “பாப்பா தெனமும் ஆயா எங்கன்னு கேக்குது. ஆனா ஒண்ணு. என்னா வந்தாலும் அன்னைக்கே சொல்லணும். மறுநாளைக்கு வெக்கக் கூடாது.”

“சொல்லுறேன்” என்றாள் குணமணி.

பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பிய நாளிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் வந்ததும் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, தலை, கழுத்து மடிப்பு, கை, முழங்கால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. இருந்தாலும் மனசு சொன்னபடி கேட்காது. மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் இன்னொரு தடவை பார்ப்பாள். ஒருநாள் ஒரு கைப்பிள்ளையின் கன்னத்தில் சின்னதாக ஒரு சிவப்பு. இராத்திரி நுளம்பு கடித்ததாகத்தான் இருக்கும். குணமணி அடுப்பை அணைத்தாள். பெரிய பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதன் தாய் நின்ற கொழுந்து மலையைப் பார்த்து ஏறத் தொடங்கினாள்.